கூண்டுக்கிளியின் வரலாறு: மூர் மார்க்கெட் முதல் கும்மிடிப்பூண்டி வரை

கழுத்தில் செந்நிற வளையம் உள்ள பச்சைக்கிளி, நன்றாகப் பேணப்பட்டால் கூண்டில் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளி அதையும் தாண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 40 முதல் 60 ஆண்டு, தென் அமெரிக்காவிலிருந்து வரும் பஞ்சவர்ணக்கிளிக்கும் ஏறக்குறைய அவ்வளவு. அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே உள்ள புரூக்ஃபீல்ட் விலங்குக் காட்சியகத்தில் 1934 முதல் இருந்த குக்கி என்ற காக்கட்டூ 83 வயது வாழ்ந்து 2016 ஆகஸ்டில் இறந்தது. ஆனால் தமிழ்நாட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய கூண்டுகளில் இருபது வயதுக் கிளி என்பது அபூர்வம். இரண்டு மூன்று ஆண்டில் கிளி செத்துவிடும், அல்லது கதவு திறந்திருந்த நேரத்தில் பறந்துவிடும். அடுத்த பங்குனியில் அதே கூண்டில் இன்னொரு குஞ்சு வந்து உட்காரும். கிளியின் உண்மையான ஆயுள் எவ்வளவு என்பதை அதை வளர்த்தவர்களே அறியாமல் இருந்ததற்குப் பாசக்குறைவு காரணமல்ல. கிளி மலிவாகக் கிடைத்ததுதான் காரணம். அந்த மலிவு எங்கிருந்து வந்தது, எப்படி முடிந்தது, முடிந்த பிறகு என்ன ஆனது என்பதே சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி வரை நீளும் பகுதியில் கிளி வளர்ப்பின் வரலாறு.

தமிழகத்தில் கிளியோடு மனிதருக்கு இருந்த பழைய உறவுகளில் ஒன்று விரட்டல். சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காக்கும் பெண்களின் முழுநேர வேலை கிளி ஓட்டுவது. அதற்கென்றே கவண், தட்டை, குளிர், தழல் என்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் நெல்வயலிலும் சோளக்கொல்லையிலும் மாந்தோப்பிலும் கொய்யாத் தோப்பிலும் அந்தச் சண்டை இன்றும் நடக்கிறது. கிளி ஒரு பழத்தை முழுதாகத் தின்று முடிக்காது. இரண்டு கொத்துக் கொத்திவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும். விவசாயிக்கு எரிச்சல் மூட்டுவது கிளியின் பசியை விட இந்த வீணடிப்புத்தான்.

கோயிலுக்குள் நுழைந்ததும் அதே பறவையின் மதிப்பு மாறிவிடுகிறது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியை நாள்தோறும் இலைகளாலும் பூவாலும் புதிதாகச் செய்து சாத்துகிறார்கள். அருணகிரிநாதர் கிளி உருவெடுத்ததாகச் சொல்லும் கதையைத் திருவண்ணாமலையின் கிளி கோபுரம் நினைவூட்டுகிறது. அவர் திருப்புகழ் பாடிய தலங்களில் இரண்டு, திருத்தணியும் சிறுவாபுரியும், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளவை. சிறுவாபுரி கும்மிடிப்பூண்டிக்குப் போகும் வழியில், சின்னம்பேடு கிராமத்தில் இருக்கிறது. சிற்றிலக்கியங்களில் கிளி தூது போகிறது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது இவ்வகையில் பெயர் பெற்றது.

மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து மீனாட்சியின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இப்போது மண்டபத்துக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிளியைக் கூண்டில் வைப்பது புண்ணியத்தோடு ஒட்டிய செயல் என்ற எண்ணம் வலுப்பட்டதில் இத்தகைய கோயில் வழக்கங்களுக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கிளி பேசினால் நல்லது என்று நம்பும் வீட்டில், கூண்டின் அகலத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இந்தியக் கிளி பழங்காலத்திலேயே கடல் கடந்திருந்தது. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் டீசியஸ், இந்தியாவில் பேசும் பறவை ஒன்று இருப்பதாக கி.மு. 400ஐ ஒட்டி எழுதினார். அது இந்திய மொழியைப் பேசும், கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்பது அவர் தந்த செய்தி. அலெக்சாண்டரின் படையோடு மேற்கே போனதாகச் சொல்லப்படும் பெரிய பச்சைக்கிளிக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரே நிலைத்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் கிளிக்குப் பேசப் பழக்கும்போது இரும்புக் கோலால் தலையில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்று குறித்தார். மது கொடுத்தால் அது இன்னும் குறும்பு செய்யும் என்றும் சேர்த்துக்கொண்டார். கிளி வளர்ப்பு பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய அறிவுரைகளில் ஒன்று இப்படித்தான் இருக்கிறது.

பச்சைக்கிளி தானாகக் கூடு கட்டாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்தையோ, பட்டுப்போன மரத்தின் ஓட்டையையோ, பழைய சுவரின் துளையையோ பிடித்துக்கொள்ளும். தென்னகத்தில் அதன் இனப்பெருக்கக் காலம் தையிலிருந்து சித்திரை வரை. ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு முட்டைகள். ஏறக்குறைய 22 நாள் அடைகாத்தபின் குஞ்சு பொரிக்கும், ஆறேழு வாரத்தில் பறக்கும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் ஏரிக்கரையும் வயல்வரப்பும் பனைமரங்களால் ஆனவை. இடி விழுந்தோ வயதாகியோ உச்சி கருகி நிற்கும் மொட்டைப்பனை கிளிக்குத் தோதான வீடு. பனை ஏறத் தெரிந்தவருக்கு அதுவே ஒரு சிறு வருமானம். முழுதாக இறகு முளைக்காத குஞ்சை எடுத்தால்தான் மனிதரோடு பழகும் என்பதால், பறக்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே பொந்தில் கையை விடுவார்கள். சில இடங்களில் மரத்தையே பிளந்துவிடுவதால் அடுத்த ஆண்டு கிளி திரும்பிவர அங்கே பொந்தே இருக்காது.

பறவை பிடிப்பது தமிழகத்தில் ஒரு குலத்தொழிலாகவும் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுப்பில் குருவிக்காரர்கள் பறவை பிடிப்பவர்களாகவே வருகிறார்கள். வேட்டைச் சட்டங்கள் இறுகியபோது முதலில் பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. கிளி வணிகத்தில் பெரிய லாபம் ஒருபோதும் இவர்கள் கைக்குப் போனதில்லை. அது நகரத்துக் கடைகளில் தங்கியது.

அந்த நகரத்துக் கடைகளின் தலைமையிடம் மூர் மார்க்கெட். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரில் 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம் அது. பழைய புத்தகம், இசைத்தட்டு, சைக்கிள் உதிரி, விநோதப் பொருள் ஆகியவற்றோடு நாய்க்குட்டி, முயல், புறா, கிளி எல்லாம் அங்கே விலைக்குக் கிடைத்தன. சென்ட்ரல் ரயில் நிலையம் சுவரை ஒட்டி இருந்தது. வடக்கே கூடூர் பாதையிலும் மேற்கே அரக்கோணம் பாதையிலும் வந்திறங்குகிறவர்கள் நடந்தே போய்விடக்கூடிய தூரம். திருவள்ளூர் மாவட்டத்தின் இரண்டு ரயில்பாதைகளும் அங்கேதான் முடிந்தன என்பதால், அந்த மாவட்டத்துக்காரர் ஒருவர் கிளி வாங்கவோ விற்கவோ வேறெங்கும் போகத் தேவையிருக்கவில்லை.

மார்க்கெட்டுக்கு அருகிலேயே, மக்கள் பூங்காவில், மாநகராட்சியின் விலங்குக் காட்சியகமும் இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தை நடத்திய எட்வர்ட் கிரீன் பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய காட்சியகம் சில ஆண்டுகளில் அங்கே இடம் மாறியது. எண்பது ஆண்டுக்கு மேல் சென்னைக்கு வந்துபோன பிள்ளைகள் காலையில் காட்சியகத்தில் கூண்டுப்பறவையைப் பார்த்துவிட்டு, மாலையில் பக்கத்துக் கடையில் அதே மாதிரி ஒன்றைக் கேட்டு அடம்பிடிக்க முடிந்தது. பறவை வணிகத்துக்கு இதைவிட வாய்ப்பான அமைப்பை யாராலும் திட்டமிட்டு உருவாக்க முடியாது.

மார்க்கெட்டும் காட்சியகமும் ஒரே ஆண்டில் முடிந்தன. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. காட்சியகம் வண்டலூருக்கு இடம் மாறி, அதே ஆண்டு ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. எரிந்த இடத்தில் ரயில்வே எழுப்பிய புறநகர் முனையம் இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே அழைக்கப்படுகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் புறப்படுவது அங்கிருந்துதான். அவ்வூர்த் தொழிற்பேட்டை வேலைக்காக அதிகாலை வண்டி பிடிக்கிறவர்களில் பலருக்கு அந்த நடைமேடை ஒரு காலத்துப் பறவைச் சந்தை என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. வணிகம் அதோடு அழிந்துவிடவில்லை. அல்லிக்குளம் வளாகத்துக்கும் பிராட்வேக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் அது சிதறியது. பின்னாளில் வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற கொளத்தூரும் சேர்ந்துகொண்டது.

வாங்கிய கிளிக்குக் கிடைத்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை அந்தக் காலத்துக் கூண்டே சொல்லிவிடும். உருண்டையான கம்பிக்கூண்டு, நடுவில் ஒரே பருமனில் ஒரு இரும்புக்கம்பி, இரண்டு தகரக் கிண்ணம், மேலே கொக்கி. அதற்குள் கிளி இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. உருண்டைக் கூண்டில் ஒதுங்க ஒரு மூலையும் இல்லை. கிளிக்குக் காலில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு விரல். காட்டில் அது பருமன் மாறுபட்ட கிளைகளைப் பற்றிப் பற்றிப் பாதத்தின் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். வழுவழுப்பான ஒரே கம்பியில் ஆண்டுக்கணக்கில் நின்றால் பாதத்தின் அடியில் ஒரே இடம் தேய்ந்து புண்ணாகிச் சீழ்வைக்கும். மரம் கடிக்க வழியில்லாததால் அலகும், நடக்க வழியில்லாததால் நகமும் வளைந்து நீளும்.

உணவும் அப்படித்தான். பால்சோறு, நெல், ஊறவைத்த கடலை, எப்போதாவது கொய்யா, கோவைப்பழம், தவறாமல் மிளகாய். மிளகாய் கொடுத்தால் நாக்கு தடிக்காது, பேச்சு வரும் என்று நம்பினார்கள். கிளிக்கு மிளகாய் உறைப்பதே இல்லை. பாலூட்டிகளின் நரம்பில் காரத்தை உணரும் ஏற்பி பறவைகளில் மிளகாயின் காரப்பொருளுக்கு வினையாற்றுவதில்லை என்பது 2002இல் வெளிவந்த ஆய்வில் உறுதியானது. பேச்சுக்கும் மிளகாய்க்கும் தொடர்பில்லை என்றாலும், பழுத்த மிளகாயில் உயிர்ச்சத்து ஏ நிறைய உண்டு. தெரியாமல் செய்த நன்மைகளில் அது ஒன்று. பாலோ அதற்கு நேர்மாறு, பறவைகளால் பாலின் சர்க்கரையைச் செரிக்க இயலாது. நெல்லும் கடலையும் மட்டும் தின்ற கிளிக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து மூக்குத்துளை அடைத்துக்கொள்ளும், வாயில் வெண்படலம் கட்டும், மூச்சு இரையும். சளி என்று சொல்லி வெற்றிலைச் சாறு ஊற்றுவார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

தோழமையின்மை இவை எல்லாவற்றையும் விடக் கொடியது. கிளி கூட்டமாக வாழும் பறவை. பொழுது சாயும்போது நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் அடையும். தனிக்கூண்டில் அடைபட்ட கிளிக்கு வீட்டு மனிதர்களே கூட்டம். பேசக் கற்றுக்கொள்வதும் அந்தக் கூட்டத்தில் இடம் தேடும் முயற்சிதான். வீட்டார் வேலைக்குப் போய் நாளெல்லாம் கூண்டு தனியே தொங்கும்போது அது அலறும், ஒரே திசையில் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்கிப் போடும். தலை மட்டும் இறகோடும் மார்பு வெறுந்தோலாகவும் இருக்கும் கிளியைப் பார்த்தால், அலகு எட்டாத இடத்தில் மட்டும் இறகு மிஞ்சியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்கிளியோடு ஒப்பிட்டால் ஜோசியக் கிளியின் நிலை வேறு. கிளி ஜோசியக்காரர் கோயில் வாசலிலோ கடற்கரையிலோ மரத்தடியிலோ சிறு மரப்பெட்டியோடு அமர்ந்திருப்பார். பெயரைச் சொல்லிக் கதவைத் தூக்கினால் கிளி நடந்து வந்து, அடுக்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, ஒன்றைத் தேர்ந்து கொடுத்து, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு திரும்பப் பெட்டிக்குள் போகும். இறக்கை வெட்டப்பட்டிருக்கும், பெட்டி வீட்டுக்கூண்டை விடவும் சிறியதாக இருக்கும். ஆனால் நாள் முழுதும் ஒரு மனிதர் பக்கத்திலேயே இருக்கிறார், அடிக்கடி வெளியே வர முடிகிறது, மூளைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜோசியக்காரருக்கும் பழகிய கிளி செத்தால் பிழைப்பு போய்விடும், புதிய கிளியைப் பழக்க மாதங்கள் ஆகும். மலிவாகக் கிடைத்த பறவைக்கு உண்மையான மதிப்பு இருந்த ஒரே இடம் இதுதான் என்று கூடச் சொல்லலாம்.

இந்த வழக்கம் தமிழரோடு கடல் கடந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருந்த மணி என்ற பச்சைக்கிளி 2010 உலகக் கால்பந்துப் போட்டியில் காலிறுதி முடிவுகளைச் சரியாக எடுத்துக் கொடுத்து உலகச் செய்தியானது. இறுதிப் போட்டியில் அது நெதர்லாந்தைத் தேர்ந்தது, வென்றது ஸ்பெயின். தாய்மண்ணில் இத்தொழில் சட்டத்தோடு மோதியது. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் பரப்புரையின்போது கடலூர்ப் பக்கத்தில் ஒரு வேட்பாளர் கிளி ஜோசியம் பார்த்த காட்சி பரவியதும், வனத்துறை ஜோசியக்காரரைப் பிடித்துக் கிளிகளைக் கைப்பற்றியது. பின்னர் அவரை எச்சரித்து விடுவித்தது. வேட்பாளருக்குக் கிடைத்த பலன் வேறு, கிளி வைத்திருந்தவருக்குக் கிடைத்த பலன் வேறு.

சட்டம் இந்த நிலைக்கு மெல்லத்தான் வந்தது. ஆங்கிலேயர் காலத்து 1912ஆம் ஆண்டுக் காட்டுப்பறவைச் சட்டம் வேட்டைக்காரர் சுடும் கவுதாரி, காடை, வாத்து முதலியவற்றையும், இறகு ஏற்றுமதிக்காகக் கொல்லப்பட்ட கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை ஆகியவற்றையும் கருதியது. கிளி அதில் இல்லை. விலங்குகளின் துன்பத்தைத் தனியே கருத்தில் கொண்ட சட்டத்துக்குச் சென்னை பெரிய பங்களித்தது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நியாயமாக அசைந்து நகர இடம் தராத கூண்டில் விலங்கை அடைப்பது இச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். பறவைக்கும் அது பொருந்தும். உருண்டைக் கூண்டுகள் அதன்பிறகும் பல பத்தாண்டுகள் கடைத்தெருவில் தொங்கின என்பது வேறு செய்தி.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கிளிகள் நான்காம் பட்டியலில் இருந்தன. அந்தக் காலத்தில் உரிமம் பெற்றுப் பறவை பிடிக்கவும் விற்கவும் வழியிருந்தது. இந்தியா வெளிநாடுகளுக்குக் காட்டுப்பறவை அனுப்பும் பெரிய நாடுகளில் ஒன்றாக இருந்த காலம் அது. 1991இல் வந்த திருத்தத்தோடு அந்த வாசல் அடைபட்டது. அன்றிலிருந்து இந்திய இனக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைப்பதும் குற்றம். 2022 திருத்தத்தில் பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் பச்சைக்கிளி இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இவற்றுக்கிடையே நீதிமன்றங்களும் பேசின. பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு, இறக்கையை வெட்டிக் கூண்டில் அடைத்து விற்பது கொடுமை என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2011இலும், அதே போக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2015இலும் கருத்துரைத்தன.

1991க்குப் பிறகும் முப்பதாண்டு காலம் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம் என்பதே பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாமல் இருந்தது. 2023 பிப்ரவரியில் சென்னையில் திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை மீட்டு, அபராதம் விதித்து, பறவைகளைக் கிண்டி சிறுவர் பூங்காவில் சேர்த்தபோதுதான் பலருக்கும் சட்டம் காதில் விழுந்தது. ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூரில் நிற்கும் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி, தமிழகத்துக்குள் சாலைவழி வரும் சரக்குகளுக்கெல்லாம் வடக்கு வாசல். அதைக் கடக்கும் ஒரு கோணிப்பைக்குள் குஞ்சுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது, லாரி எடை பார்ப்பது போல எளிதல்ல.

உள்நாட்டுக் கிளி தடையானதும் ஆசை வெளிநாட்டுக் கிளியின் பக்கம் திரும்பியது. பட்ஜி, லவ் பேர்ட்ஸ், காக்டெயில் ஆகியவை முதலில் வந்தன. பின்னர் சாம்பல் கிளி, கன்யூர், பஞ்சவர்ணக்கிளி, காக்கட்டூ. இவற்றில் சிறியவை பத்து இருபது ஆண்டுகள் வாழும், பெரியவை மனிதரின் அரை ஆயுளைத் தாண்டும். பெரியவற்றின் விலை ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கு வரை போகும். இங்கேதான் திருப்பம். இத்தனை விலை கொடுத்து வாங்கிய பறவை செத்தால் அடுத்த பங்குனியில் இன்னொன்றை வாங்கிவிட முடியாது. ஆகவே முதல்முறையாகக் கிளி வளர்ப்பவர்கள் மருத்துவரைத் தேடினார்கள், உணவுப் பட்டியல் கேட்டார்கள், கூண்டின் அளவைப் பற்றி விவாதித்தார்கள். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு மாடும் நாயும் வந்த வழியில் கிளிக்கூண்டும் வரத் தொடங்கியது. பேணும் அறிவு அன்பின் வழியாக வந்திருக்க வேண்டும். வந்ததோ விலையின் வழியாக.

அந்த அறிவின் சாரம் இந்தப் பகுதியின் பொருள்களைக் கொண்டே செய்துகொள்ளக் கூடியது. கூண்டு நீள்சதுரமாக, கிளி இரு இறக்கையையும் விரித்துச் சில அடியாவது பறக்கும் அகலத்தில் இருக்க வேண்டும். துத்தநாகப் பூச்சு உரியும் மலிவுக் கம்பி ஆகாது, கிளி அதைக் கடித்தே நஞ்சேறிச் சாகும். இருக்கைக்கு வேம்பு, கொய்யா, புளி என்று பருமன் மாறும் கிளைகளைப் பட்டையோடு வெட்டி வைக்கலாம். பட்டையை உரித்துப் போடுவதே கிளிக்கு அரைநாள் வேலை. விதையையும் தானியத்தையும் குறைத்து முருங்கைக்கீரை, கேரட், பூசணி, முளைகட்டிய பயறு சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரையில் கிளிக்குத் தேவையான உயிர்ச்சத்து ஏயும் சுண்ணாம்புச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கடற்கரை ஊர்களில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கம்பியில் கட்டிவிட்டால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும், அலகும் தேயும். சூரியகாந்தி விதை கொழுப்பு மிகுந்தது, அதை மட்டுமே தின்னும் கிளிக்கு ஈரல் வீங்கும். அவகேடோ, சாக்லேட், காபி மூன்றும் நஞ்சு. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது.

கும்மிடிப்பூண்டி போன்ற ஊருக்கென்று இரண்டு ஆபத்துகள் கூடுதலாக உண்டு. ஒன்று கோடை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் தகரக்கூரையின் கீழ் தொங்கும் கூண்டு அடுப்பாகிவிடும். கிளிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து, இறக்கையை உடலை விட்டு விலக்கி மூச்சு வாங்கினால் அது வெக்கை தாங்காத நிலை. உடனே நிழலும் தண்ணீர்த் தெளிப்பும் வேண்டும். மற்றொன்று காற்று. பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்திருப்பதால், மூச்சில் வரும் எதுவும் மனிதரை விட அதை விரைவாகத் தாக்கும். சுரங்கத் தொழிலாளர்கள் நச்சுவாயுவை அறியக் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். உருக்காலையும் இரும்பு உருட்டாலையும் உள்ள தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளில் கிளியை முற்றத்தில் விடுவது வீட்டுக்கு உள்ளே வைப்பதை விட நல்லது என்ற பொதுவிதி பொருந்தாமல் போகலாம். வீட்டுக்குள்ளும் பாதுகாப்பு முழுமையல்ல. ஒட்டாத பூச்சுள்ள தவா காய்ந்து தீய்ந்தால் எழும் ஆவி சில நிமிடத்தில் கிளியைக் கொன்றுவிடும். கிளியிடமிருந்து மனிதருக்கு வரும் கிளிக்காய்ச்சல் என்ற தொற்றும் உண்டு. அது நிமோனியா போலத் தோன்றும், காய்ந்த எச்சத்தின் தூசி வழியே பரவும்.

வெளிநாட்டுக் கிளிகளுக்கும் சட்டம் வந்தது. அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடு. சாம்பல் கிளியை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தும் முடிவு 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய எல்லாக் கிளி இனங்களும் ஏதோ ஒரு பட்டியலில் உள்ளன. விலக்கு நான்கே நான்கு: பட்ஜி, காக்டெயில், செம்முக லவ் பேர்ட், நான்காவது நம் பச்சைக்கிளி. உள்நாட்டில் கூண்டில் வைத்தாலே குற்றமாகும் பறவைக்கு உலகச் சந்தையில் கட்டுப்பாடு இல்லை என்பது முரணாகத் தோன்றும். ஆனால் லண்டன் முதல் பல ஐரோப்பிய நகரங்கள் வரை, கூண்டிலிருந்து தப்பிய பச்சைக்கிளிகள் பெருகிக் கூட்டங்கூட்டமாகத் திரிவதால் அங்கே அது காக்க வேண்டிய பறவையாக யாருக்கும் படவில்லை. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் மூன்றையும் தெரிவிக்க வேண்டும். லவ் பேர்ட் வளர்ப்பவர்களில் பலர் இதில் தடுமாறுகிறார்கள். செம்முக இனத்துக்குப் பதிவு தேவையில்லை, கடையில் அதற்கு அடுத்த கூண்டில் இருக்கும் ஃபிஷர் இனத்துக்குத் தேவை.

ஐம்பது வயதில் ஒருவர் சாம்பல் கிளிக்குஞ்சு வாங்கினால், கிளி நடுவயதை எட்டும்போது அவர் இருப்பாரா என்பது ஐயம். மேலைநாடுகளில் உயிலில் கிளியின் பொறுப்பை எழுதிவைப்பதும், முதிய கிளிகளுக்கெனக் காப்பகம் நடத்துவதும் வழக்கமாகிவிட்டன. சென்னையில் விலங்குகளுக்கான நெடுங்காலத் தொண்டு அமைப்பான புளூ கிராஸ் 1959இல் தொடங்கியது என்றாலும், பெரிய கிளி ஒன்றை அரை நூற்றாண்டுக்கு ஏற்றுக்கொள்ளும் பணி எந்தத் தொண்டு அமைப்புக்கும் எளிதல்ல. வெளிநாட்டுக் கிளியை வெளியே திறந்துவிடுவது அதற்கும் தீங்கு, இங்குள்ள பறவைகளுக்கும் தீங்கு. ஆகவே பதிவில் உள்ள கைமாற்றம் என்ற கட்டம்தான் நடைமுறையில் கிளியின் வாரிசுரிமைப் பத்திரம்.

மீட்கப்படும் உள்நாட்டுக் கிளிகளின் கதை வேறு. கூண்டைத் திறந்து பறக்கவிட்டால் போதும் என்று வீட்டார் நினைப்பார்கள். குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த கிளிக்குப் பருந்தைத் தெரியாது, பூனையைத் தெரியாது, உணவு மரத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. காக்கைகள் அன்றே கொத்திவிடும். இறகு வெட்டப்பட்டிருந்தால் அடுத்த இறகுதிர்ப்பு வரை, ஏறக்குறைய ஓராண்டு, அது பறக்கவே முடியாது. அதனால் முறையான வழி நீண்டது: கால்நடை மருத்துவர் நோய் பார்ப்பது, சில மாதம் பறப்புக்கூண்டில் தன் இனத்தோடு விட்டு இறக்கைத் தசையை வலுப்படுத்துவது, கிளையோடு காயும் கதிரோடு தானியமும் கொடுத்துத் தேடித் தின்னப் பழக்குவது, மனிதக் குரலைக் குறைப்பது, கடைசியில் காட்டுக்கிளிகள் அடையும் இடத்துக்கு அருகில் கூண்டைத் திறந்து வைத்துச் சில நாள் உணவும் வைத்திருப்பது. இத்தனையும் செய்த பிறகும் மனிதர் தோளில் வந்து உட்காரும் கிளிகள் இருக்கவே செய்யும். அவற்றை விடுவிக்க முடியாது. கிண்டியிலும் வண்டலூரிலும் உள்ள பெரிய பறவைக்கூடங்களில் தன் இனத்தோடு எஞ்சிய ஆயுளைக் கழிப்பதே அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த ஏற்பாடு.

காட்டில் வாழும் பச்சைக்கிளிக்கு இந்தப் பகுதியில் பிடிப்பவர்களை விடப் பெரிய பகை இப்போது பொந்துப் பற்றாக்குறை. சாலை அகலப்படுத்தலும் தொழிற்பேட்டை விரிவும் செங்கல் சூளையும் பனைகளைத் தின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் கண் பதநீரும் நுங்கும் தரும் உயிருள்ள பனையின் மேல். கிளி தேடுவது உச்சியிழந்த மொட்டைப்பனையை. அது யாருக்கும் பயன்படாத மரம் என்பதால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.